கொட்டியாரத்து நீர்வழிகளும் நாட்டு மீன்களும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கடலிலிருந்து நோக்கியே எழுதப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக அதனைக் கைப்பற்ற முயன்றமையும், அதன் ஆழமும் அடக்கமும் கப்பற்படைகளுக்கு அளித்த பாதுகாப்பும் நூல்கள் பலவற்றில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஆயின், அத்துறைமுகத்தின் தென்புறத்தே பரந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவை நிலத்திலிருந்து, அதாவது அதனுள் வந்து விழும் ஆற்றுநீரின் வழியாக, நோக்கும் முயற்சி அருகியே காணப்படுகின்றது. குளங்களையும் கால்வாய்களையும் பற்றிய ஆராய்ச்சிகள் உளவெனினும் அவை நெல்லை மையமாகக் கொண்டவை. நீரை நம்பி வாழ்ந்த மற்றோர் உயிரினமாகிய மீன் அவ்வாராய்ச்சிகளில் இடம்பெறுவதில்லை. இந்நிலப்பகுதியிற் காலத்துக்குக் காலம் நிகழ்ந்த ‘புனரமைப்பு’ என்னும் பெருஞ்செயல்கள் எதனைப் புதுக்கின, எதனைக் கைவிட்டன என்பதை அறிய மீனின் வரலாறு துணைபுரியும்.

நில அமைப்பை முதலிற் சுருக்கமாகக் காண்டல் வேண்டும். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. குடாவின் அடியிலே கடல் திடீரென ஆழ்ந்து, கடலடிப் பள்ளத்தாக்கொன்று ஆற்றுமுகத்திற்கு அணித்தாகவே தொடங்குகின்றது. பொலன்னறுவைக்கு வடக்கே கந்தகாட்டில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வடக்கே சென்று மூதூர்ப் பக்கத்தே குடாவை அடைய, மற்றையது வெருகல் ஆறு என்னும் பெயருடன் கிழக்கே சென்று, சித்திரவேலாயுதர் கோயிலைக் கரையிற் கொண்டு, நேரே கடலில் விழுகின்றது. மேற்கே கந்தளாய்க் குளத்தினின்று வழியும் நீர் தம்பலகாம வயல்களினூடாகத் தம்பலகாமக் குடாவைச் சென்றடையும். இவ்விரு நீர்த்தொகுதிகளுக்கும் உயிர்நாடி வடகீழ்ப் பருவமழையே. ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் மழையால் ஆறு கரைபுரண்டு, இருமருங்கிலும் உள்ள தாழ்நிலங்களை நிரப்பும். அந்நிலங்களிலே தேங்கி நிற்கும் ஆழமற்ற நீர்நிலைகள் ‘வில்லு’ எனப்படும்.

நாட்டு மீன்களின் வாழ்க்கை இவ்வேற்ற இறக்கத்துடன் பிணைந்தது. கெண்டை, கெளுத்தி முதலியன வெள்ளம் ஏறும் காலத்தில் ஆற்றை விட்டுப் புதிதாக நீர் பரவிய புல்வெளிகளிற் புகுந்து முட்டையிடும். குஞ்சுகள் வில்லுகளில் வளர்ந்து, நீர் வடியும்போது ஆற்றை அடையும். விலாங்கின் ஒழுக்கம் இதற்கு எதிரானது. அது நன்னீரில் வளர்ந்து முதிர்ந்தபின் ஆழ்கடல் சென்று இனம் பெருக்க, அதன் குஞ்சுகள் ஆற்றுமுகம் தேடி வந்து மேலேறும். நன்னீர் இறால் முட்டையுடன் உவர்நீருக்கு இறங்கும். மடவை, கொடுவா, பாலை ஆகிய மீன்களின் குஞ்சுகள் கழிமுகத்தையும் கண்டற்காட்டையும் நாடும். ஆகவே கொட்டியாரத்து மீனவரின் வலையில் விழுவதன் ஒரு பகுதி, நாற்பது ஐம்பது கல் தொலைவிலுள்ள ஆற்றங்கரை ஒன்றின் நிலையைப் பொறுத்தது எனலாம்.

பண்டைய இலங்கை அரசு மீனைப் பொருட்படுத்தாதிருந்தது என்று கருதுதல் தவறு. கிறித்துவ ஆண்டின் முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமிச் சாசனங்கள், குளத்து நீருக்குரிய பங்குடன் மீனுக்குரிய பங்கையும் தனியே குறிப்பிட்டு விகாரைகளுக்கு அளிக்கின்றன. குளம் என்றால் நீர்வரி, மீன்வரி இரண்டும் தரும் சொத்து என்பதே அக்கால ஆட்சியாளர் கருத்தாதல் இவற்றால் விளங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இரு வேறு கொள்கைகள் ஒரு தலைமுறைக்குள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), மழையாற் பெறும் நீரிற் சிறிதளவேனும் மக்களுக்குப் பயன்படாது கடலைச் சேர விடலாகாது என்று கருதியதாகச் சூளவம்சம் கூறும். அவனுக்குப்பின் அரசாண்ட நிசங்கமல்லன் (1187–1196), பன்னிரு பெருங்குளங்களில் வாழும் மீன்களுக்கு அபயம் அளித்ததாக அநுராதபுரத்து இரத்தினவாலுகச் சைத்தியக் கல்வெட்டு அறிவிக்கின்றது. இம்மன்னனின் கல்லாசனம் ஒன்று கந்தளாயிலும் கிடைத்துள்ளது. அங்கிருந்த சதுர்வேத பிராமணர் குடியிருப்பையும் பார்வதியின் பெயரால் அமைந்த அறச்சாலையையும் அது குறிப்பதனால், கந்தளாய்ப் பகுதியுடன் அவனுக்கிருந்த தொடர்பு தெளிவாகும்.

இவ்விரு கொள்கைகளுள் பிற்காலத்தார் நினைவில் நிலைத்தது முன்னையதே. இருபதாம் நூற்றாண்டில் நீர்ப்பாசனம் பற்றி மேடையேறிப் பேசிய அரசியலாளர் பலர் பராக்கிரமபாகுவின் கருத்தை எடுத்தாண்டனர். நிசங்கமல்லனின் அபயத்தை நினைவுகூர்ந்தார் அரியர். எனினும், பின்னையதையும் மிகைப்படுத்தலாகாது. அது கொல்லாமையின் பாற்பட்ட ஆணை. தூண்டிலிலிருந்தும் வலையிலிருந்தும் மீனைக் காத்தது. மீனுக்கு வழி வேண்டும் என்னும் எண்ணம் அதில் இல்லை.

எண்ணம் இல்லாதிருந்தும் வழி இருந்தது என்பதே ஈண்டுக் கவனித்தற்குரியது. உலர்வலயத்துப் பழங்குளங்கள் தனித்தனியே நின்றவை அல்ல. ஒரு சிறு பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்தவை. மேற்குளத்தின் கழிவுநீர் கீழ்க்குளத்தின் வரத்துநீராகும். இத்தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய பின்னரே அறிஞர் அதனை ஒரு முழுமையாக நோக்கத் தலைப்பட்டனர். குளத்தின் தலைப்பக்கத்தே ‘கஸ்கொம்மன’ என்னும் மரச்செறிவும், வண்டலை வடிக்கும் ‘பெரஹன’ என்னும் புற்பரப்பும், அலைகரைக்குக் கீழே உவர்ப்பை உறிஞ்சும் ‘கட்டக்கடுவ’ என்னும் ஈரக்காடும் இருந்தன. மருது, இலுப்பை முதலிய மரங்கள் இவற்றில் ஓங்கின. மருதின் வேர் கரையைப் பற்றி நிற்பதுடன், நீருக்குள் இறங்கிப் பின்னி, விரால் முதலியவற்றுக்கு ஒதுங்கிடமாகும். தமிழர் வயலும் வயல் சார்ந்ததுமாகிய நிலத்துக்கு இம்மரத்தின் பெயரையே இட்டமை அதன் இடத்தை நன்கு உணர்ந்ததனாற்போலும். மாரியில் குளம் வான் பாயும்போது கெண்டையும் விராலும் பாயும் நீரை எதிர்த்தேறும் காட்சி உலர்வலயக் கிராமத்தார் யாவரும் அறிந்ததே. இயற்கைப் பாறையையே வானாகக் கொண்ட குளங்கள் பல; சாய்வான கரடுமுரடான அப்பாறைகளில் மீன் தாவித் தாவி ஏறுதல் இயலும். திட்டமிட்டு அமைத்தது அன்றெனினும் அதுவும் ஒரு மீனேணியே.

கந்தளாய்க் குளம் இவ்வகைச் சிறுகுளம் அன்று. கோணேசர் கல்வெட்டு அதனைக் குளக்கோட்டன் திருப்பணியாகக் கூற, வரலாற்றாசிரியர் பலர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி காலத்ததாகக் கொள்வர். எவ்வாறாயினும், எலகெரக் கால்வாய்வழி அம்பன் கங்கை நீரை மின்னேரியா, கவுடுல்லை ஆகியவற்றுடன் இணைத்துக் கந்தளாய்வரை கொணர்ந்த பெருந்தொகுதியின் கடைக்கோடி அது. மகாவலியின் கிளையாற்று நீர் தம்பலகாமத்தை அடைந்த வழி அதுவே.

பதின்மூன்றாம் நூற்றாண்டின்பின் அத்தொகுதி சிதைந்தது. நெல்லுக்குக் கேடாக முடிந்த அச்சிதைவு மீனுக்கும் கேடாயிற்றோ என்பது வேறு வினா. கரையுடைந்த குளம் வில்லாக மாறும், கால்வாய் ஓடையாகும். 1660ஆம் ஆண்டு ஏப்பிரிலில், பாய்மரம் பழுதுற்ற கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தபோது கண்டியரசன் ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து மீண்டபின் 1681இல் வெளியிட்ட நூலிலே, மகாவலியின் அகலத்தையும், பாறைகளால் அதில் ஓடம் செல்லலாகாமையையும் குறித்ததோடு, சிற்றோடைகளிற் கூடைகொண்டு மக்கள் மீன்பிடிக்கும் முறையையும் வருணித்துள்ளார். திருகோணமலைத் துறைமுக அதிகாரியாக விளங்கிய புரூக் என்பார் ஆற்றின் கீழ்ப்பகுதியை ஆராய்ந்து, 1833இல் இலண்டன் அரச புவியியற் கழக இதழில் கட்டுரை வெளியிட்டார். ஆற்றைக் கப்பல் வழியாக்கலாமா என்பதே அவர்க்கிருந்த நோக்கம். மீனை நோக்கமாகவே கொண்டு எழுதியவர் சேர் எமேசன் தெனந்து ஒருவரே. குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த அவர், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில், வற்றிய குளத்துச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும் மீன்களைப்பற்றியும், நிலத்தின்மேல் ஊர்ந்து அடுத்த நீர்நிலை தேடும் பனையேறியைப்பற்றியும் வியப்புடன் விரித்துரைத்துள்ளார். ஐரோப்பியர் பலர் அதனைக் கட்டுக்கதை என எண்ணினர். கிராமத்தார்க்கோ அது மண்வெட்டியால் எடுத்துண்ணும் உணவு.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1856இன் நீர்ப்பாசனச் சட்டத்தோடு தொடங்கிய குளப் புனரமைப்பு, 1870களில் சேர் வில்லியம் கிரெகரி தேசாதிபதியாக இருந்த காலத்தில் விரைவுற்றது. கந்தளாய்க் குளமும் அக்காலத்திலேயே திருத்தப்பட்டது. காடுபடிந்த கரைகள் வெட்டப்பட்டுத் துருசுகள் புதுக்கப்பட்டன. பஞ்சத்தாலும் காய்ச்சலாலும் நலிந்திருந்த தம்பலகாமத்துக்கு இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கார். எனினும், புனரமைப்பின் இலக்கணம் அக்காலத்தில் வகுக்கப்பட்டவாறே இன்றளவும் நிற்கின்றது: கரை, துருசு, வான், வாய்க்கால் என்னும் நான்கும் சீராயின் குளம் சீராயிற்று. மரச்செறிவும் புற்பரப்பும் ஈரக்காடும் மதிப்பீட்டுத் தாளில் இடம்பெறவில்லை. பாறை வானுக்குப் பதிலாகச் செங்குத்தான கட்டடவேலை வந்தது. பிரோகியர் 1934–35இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூல் இத்துறையில் ஒரு களஞ்சியம். அதிலும் தேடவேண்டியது நீரையும் மண்ணையும் கல்லையுமே.

இக்காலத்தில் தம்பலகாமக் குடா வேறொரு காரணத்தால் அறிஞர் கவனத்தைப் பெற்றது. அங்கு விளையும் தட்டைச் சிப்பியின் சிறுமுத்துகள் அரசுக்கு வருவாய் ஈந்தன. 1850களின் பிற்பகுதியில் கேலாட்டும், 1906இல் யேம்ஸ் ஹோர்னலும் அச்சிப்பிப் படுகைகளை ஆராய்ந்தனர். உவர்நீருக்கும் நன்னீருக்கும் இடைப்பட்ட நிலையில் வாழும் உயிர்க்கு மேலிருந்து வரும் நீரின் அளவு உயிர்ப்பிரச்சினை. ஆயினும் கந்தளாய்த் துருசைத் திறப்பவரும் சிப்பிப் படுகையைக் குத்தகைக்கு விடுபவரும் வேறு வேறு திணைக்களத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. வெருகல் ஆற்றிலிருந்து மாவிலாற்று வழியாக வயல்களுக்கு நீர் திருப்பப்பட்டது. 1952ஆம் ஆண்டில் மொசாம்பிக் திலாப்பியா என்னும் ஆபிரிக்க மீன் இலங்கைக்குக் கொணரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. சில ஆண்டுகளுள் அதுவே குளத்து மீன்பிடியின் பெரும்பகுதியாயிற்று. இதனை முற்றாகப் பழித்தல் நேர்மையன்று. இலங்கையில் இயற்கை ஏரிகள் இன்மையால் நாட்டு மீன்கள் ஆற்று வாழ்வினவாகவே அமைந்தன என்றும், பெருநீர்த்தேக்கத்தின் திறந்த பரப்பைப் பயன்கொள்ள அவற்றாற் பெரிதும் இயலவில்லை என்றும் சி. எச். பெர்ணாண்டோ முதலிய விலங்கியலறிஞர் எடுத்துக்காட்டினர். வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பியது. ஏழை வீட்டுச் சட்டியையும் நிரப்பியது. ஆயின் அவ்வாதத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நாட்டு மீன் ஆற்று மீனாயின், அதன் நலம் குளத்தில் அன்று, ஆற்றிலும் வில்லிலும் கரையிலுமே தங்கியுள்ளது. அதே 1952ஆம் ஆண்டில் தெரணியகல வெளியிட்ட வண்ணப் படத்தொகுதியில் முதன்முறையாக விவரிக்கப்பட்ட இலேபியோ இலங்கே என்னும் உலர்வலய ஆற்றுக் கெண்டை இன்று மிகவும் அருகி, அழியும் தறுவாயிலுள்ள இனங்களுள் எண்ணப்படுகின்றது. 2012ஆம் ஆண்டின் தேசியச் செந்நூல், இலங்கையின் நன்னீர் மீனினங்கள் 91 என்றும் அவற்றுள் 50 வேறெங்கும் இல்லாதவை என்றும் கணக்கிட்டது.

மகாவலித் திட்டத்தைப்பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. ஆதலின் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. 1976இல் பொல்கொல்லையில் ஆறு வடக்கே திருப்பப்பட்டது. 1977இல் துரிதப்படுத்தப்பட்ட திட்டத்தின்கீழ் விக்டோரியா, கொத்மலை, றந்தெனிகலை ஆகிய பேரணைகள் 1985–86இல் நிறைவெய்தின. மொறகஃகந்தை 2017இல் நீர்தேக்கத் தொடங்கியது. வெள்ளம் அடங்கியது, வயல் விரிந்தது, மின்விளக்கு எரிந்தது. ஆனால் வில்லுகளை நிரப்பியது அவ்வெள்ளமே. 1980இல் அமெரிக்கப் பொறியியல் நிறுவனமொன்று ஆக்கிய சூழல் மதிப்பீட்டறிக்கை இதனை உணர்த்திற்று. அதன் விளைவாக 1984இல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவும் 1986இல் சோமாவதி தேசியப் பூங்காவும் பிரகடனப்படுத்தப்பட்டன. குடியேற்றத்தால் இடமிழந்த யானைகளுக்குப் புகலிடம் தேடுதலே இவற்றின் முதன்மை நோக்கம். நிலத்தைக் காக்க வரைபடத்தில் எல்லைக்கோடு இடலாம்; அந்நிலத்துக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய நீரைக் கோடிட்டு நிறுத்த முடியாது. பூங்கா இருந்தது, வெள்ளம் குறைந்தது.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இம்மாவட்டத்து நீர்வரலாறு மனிதத் துயரின் வரலாறாயிற்று. 1986 ஏப்பிரில் 20ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளக்கரை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2006 யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்றுக் கதவுகளை மூடியமையால் பல்லாயிரம் குடும்பங்களின் வயல்நீர் தடைப்பட, அதனையொட்டிப் பெரும்போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் கதவு திறக்கப்பட்டபோது மூதூர் மக்கள் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தனர். இத்தகைய இடத்தில் மீனின் வழியைப்பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாக எவர்க்கேனும் தோன்றலாம். ஆயின் கொட்டியாரத்துக் கரையில் வலைவீசுவோரும் அதே துயரை அனுபவித்தவரே. போர் முடிந்தபின் எழுந்த கட்டட வேலைகளுக்கு மகாவலியின் கீழ்ப்பகுதியில் மணல் பெருமளவில் அகழப்பட்டுக் கரைகள் சரிந்தமையாலும், கண்டற்காடுகள் வெட்டுண்டமையாலும் முதலில் தாக்குறுவோரும் அவரே.

மீளமைப்பு முயற்சிகள் இலங்கையில் இல்லாமல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இரணில் சேனநாயக்கவும் பீற்றர் மோயிலும் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளின் அரிய மீன்கள் சிலவற்றை மகாவலியின் மேற்பகுதிச் சிற்றாறுகளுக்கு மாற்றி விடும் முயற்சியைப் பற்றி எழுதினர். அம்மாற்றத்தின் விளைவை எறிக் விக்கிரமநாயக்க ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார். மீனை இடம்பெயர்த்தல் ஓர் அவசர வைத்தியமே. வீடு எரியும்போது குழந்தையை அயலார் வீட்டில் விடுவது போல்வது. வீட்டையே திருத்தும் முயற்சி அநுராதபுர மாவட்டத்துக் கபிரிக்கமையிற் காணப்பட்டது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கிராமத்தாருடன் சேர்ந்து 2010களில் அங்குள்ள குளத்தொடரைத் திருத்தியபோது, கரையுடன் நில்லாது மரச்செறிவையும் ஈரக்காட்டையும் மீள நட்டனர். கிரெகரி காலத்து மதிப்பீட்டுத் தாளில் விடுபட்டவை நூற்றைம்பது ஆண்டுகளின்பின் அவ்வாறு சேர்க்கப்பட்டன. 2017இல் உணவு விவசாய நிறுவனம் உலர்வலயக் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவமுடைய வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது.

கடலுக்கும் ஆற்றுக்கும் இடையிலான வழியைப் பற்றியே இன்னும் போதிய கவனம் இல்லை. இதில் தமிழகத்தின் அனுபவம் எச்சரிக்கையாகும். கடலிலிருந்து காவேரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிவந்த உல்ல மீனுக்கு அணைக்கட்டுகள் தடையாதலை இந்திய மீன்துறை அதிகாரி பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சுட்டிக்காட்டி, மீன்வழி அமைக்குமாறு வற்புறுத்தினார். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் காவேரியில் அம்மீனின் வரவு பெரிதும் வீழ்ந்தது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு பேரணைகளை அகற்றியதும் சமன் மீன் மேற்பகுதிக்கு மீண்டது உண்மையே. விக்டோரியா அணையை அகற்றுமாறு எவரும் கூறப்போவதில்லை. 122 மீற்றர் உயரமுள்ள அதன்மீது மீனேணி சாத்துவதும் வீண்கனவு. கொட்டியாரத்து மீனுக்கு அவ்வணை முதற்றடையும் அன்று. கடலிலிருந்து வருவனவற்றை முதலில் மறிப்பவை ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் வாய்க்கால்களின் தலைப்பிலும் உள்ள தாழ்ந்த கட்டுகளே. விலாங்குக் குஞ்சு ஈரமான கரட்டுச் சுவரிலேனும் ஊர்ந்தேறும். மடவைக்கு அது இயலாது. செங்குத்தான கட்டின் கீழ்ப்புறம் கற்களைச் சாய்வாக அடுக்குதல், வறட்சிக் காலத்தில் ஒரு சிறு வாய்வழி நீரை இடைவிடாது விடுதல், கரையின் இருபுறமும் மருதுக்கு இடம் விடுதல் என்பன பெரும்பொருட் செலவுக்குரியன அல்ல.

இவற்றுள் நடுவணதே கடினமானது. சிறுபோகத்தில் வாய்க்காற் கடைமடைக்கே நீர் போதாதபோது, ஆற்றோடு கடலுக்குச் செல்லும் நீர் கமக்காரன் கண்ணுக்கு வீணே தோன்றும். பராக்கிரமபாகு கண்ணுக்கும் அவ்வாறே தோன்றிற்று. இதற்கிடையில், 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்கு அரசு ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த காலம் நீங்கி, 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவப்பட்ட நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பொரிப்பகத்து இறாற் குஞ்சுகளைக் குளங்களில் விட்டு வருகின்றது. குளத்தில் விடப்பட்ட இறால் கொழுத்து நல்ல விலைக்குப் போகின்றது. ஆனால் முட்டையிட உவர்நீருக்கு இறங்க வழியில்லாமையால் அங்கு இனம் பெருகுவதில்லை. அதனால் அடுத்த பருவத்துக்கும் குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்தே வரவேண்டும்.